கிட்டங்கியில் நீ நிறுத்திய பாட்டு

அனீசு, உனக்கு என் சலாமும் துஆவும். போன வாரம் நீ போனில் கேட்ட கேள்விக்கு, "யோசிச்சுச் சொல்றேன்டா" என்று வைத்துவிட்டேன். போனில் பேசினால் நான் அழுவேன், நீ "விடும்மா, விடும்மா" என்பாய், பேச்சு பாதியில் அறுந்து போகும். அதனால்தான் எழுதுகிறேன். எழுதும்போது நீ குறுக்கே பேச முடியாது பார், அது எனக்கு ஒரு சௌகரியம். சென்னையில் உன் ரூமில் இருக்கிற பிள்ளைகள் எட்டிப் பார்த்தால் பார்த்துக்கொள்ளட்டும். இன்னும் கொஞ்ச நாளில் ஊருக்கே தெரியப்போகிற சங்கதிதானே.

நீ கேட்டது இதுதான். அடுத்த மாதம் போடியில் மைதானத்தில் மேடை போடுகிறார்கள், நீ பாட வருகிறாய். பாடுவதற்கு முன்னால் உனக்கு நடந்ததையெல்லாம் மைக்கில் சொல்வது உன் வழக்கமாகிவிட்டது. யார் உன்னைத் தேடி வந்தார்கள், எதற்கு வந்தார்கள், அவர்களுக்காக நீ என்ன பாட்டு எழுதினாய் என்று மற்ற ஊர்களிலெல்லாம் சொல்லிவிட்டாய். அங்கே யாரும் உன்னைத் தூக்கி வளர்த்தவர்கள் இல்லை. இங்கே முன்வரிசையில் செல்லத்தாய் உட்கார்ந்திருப்பாள். "அத்தைக்கு ஒண்ணும் தெரியாதேம்மா. அது மூஞ்சியப் பாத்துக்கிட்டு எப்பிடிம்மா சொல்லுவேன்?" என்று கேட்டாய். அதற்குப் பதில் சொல்ல நான் எங்கிருந்து தொடங்குவது என்று பார்த்தால், எல்லாம் செல்லத்தாயிடமிருந்துதான் தொடங்குகிறது.

உன் அத்தா மௌத்தானபோது உனக்குப் பள்ளிக்கூடம் சேர்க்கிற வயது. புருஷனை இழந்தவள் இருக்கவேண்டிய இத்தாவில் நான் உட்கார்ந்துவிட்டேன். வாசல் தாண்டக்கூடாது, வெளி ஆம்பளைகள் கண்ணில் படக்கூடாது. அந்த மாதங்களில் உன்னை யார் கூட்டிக்கொண்டு போவது, யார் கூட்டிக்கொண்டு வருவது? என்னோடு ஏலக்காய் கிட்டங்கியில் பக்கத்துப் பாயில் உட்கார்ந்து காய் பொறுக்கினவள் என்பதைத் தவிர செல்லத்தாய்க்கும் நமக்கும் என்ன ஒட்டு? சிலமலையிலிருந்து முதல் பஸ்சுக்கே கிளம்பி நம் வீட்டுக்கு வருவாள். "மதினி, மருமகனைக் குடுங்க" என்று உன்னை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போவாள். பள்ளிக்கூடம் விட்டதும் கிட்டங்கியில் மூட்டை மேல் படுக்க வைத்துக்கொள்வாள். சாயங்காலம் நீ வரும்போது உன் தலைமுடியில் ஏலக்காய் வாசம் அடிக்கும். அவள் தூக்குவாளியில் கொண்டு வருகிற புளிச்சோற்றை அதே மூடியில் போட்டு இருவரும் தின்பீர்களாம். பெண்கள் காய் புடைக்கச் சொளகு தட்டுகிற சத்தம் கேட்டால்தான் உனக்குத் தூக்கமே வருமாம். எல்லாம் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். என் பிள்ளை அந்த மாதங்களைக் கடந்ததை நான் இன்னொருத்தி வாயால்தான் கேட்டேன்.

பிறகு நீ வளர்ந்தாய், உனக்கு ராப் பைத்தியம் பிடித்தது. 'கொண்டை ஊசி' என்று உனக்கு நீயே பேர் வைத்துக்கொண்டாய். போடிமெட்டு ரோட்டில் உன் அத்தா ஜீப்பு ஓட்டிய வளைவுகளை நினைத்து வைத்த பேர் என்று எனக்கு அப்போது தெரியாது. பையன் வளையல் கடை வைக்கப்போகிறான் போல என்று கிட்டங்கியில் சொல்லிச் சிரித்தோம். மூச்சு விடாமல் நீ பேசிக்கொண்டே போவதைப் பாட்டு என்று ஒத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. "ராகம் எங்கடா?" என்றேன். "ராகம் படிக்க வழியில்லாதவங்க கண்டுபிடிச்சதும்மா இது" என்றாய். அமெரிக்காவில் கறுப்பு மக்கள், வாத்தியம் வாங்க வக்கில்லாத தெருவில், பழைய இசைத்தட்டைக் கையால் முன்னும் பின்னும் தேய்த்துத் தாளம் உண்டாக்கி, என் பேர் இது, என் தெரு இது, எங்களுக்கு இன்னது நடந்தது என்று சொன்ன பாட்டு என்றாய். அதில் நம் ஆட்களும் நிறைய உண்டு, சலாம் சொல்லித் தொடங்குகிற பாட்டே இருக்கிறது என்று போட்டுக் காட்டினாய். எனக்கு அந்த சலாம் மட்டும்தான் புரிந்தது. மிச்சத்தைக் கேட்டுவிட்டு, "இவங்களுக்குத் தண்ணி குடுங்கடா, மூச்சு வாங்குது" என்றேன். நீ கோபித்துக்கொண்டு போய்விட்டாய்.

தேனியில் நீ கல்லூரி படித்த சமயம், நாலு நண்பர்களாகச் சேர்ந்து வீடு பார்த்தீர்கள். வீட்டுக்காரர் எல்லாம் பேசி முடித்துவிட்டுக் கடைசியில் உன் பேரைக் கேட்டார். கேட்டதும், காலையிலேயே வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். நீ அதைப் பாட்டாக்கினாய். பேரைக் கேட்டதும் வீடு சுருங்கிப்போனது என்று ஏதோ வரும். உன் வயதுப் பிள்ளைகள் அதைப் போனில் போட்டுப் போட்டுக் கேட்டார்கள். நான்தான், "எதுக்குடா நமக்கு வம்பு?" என்றேன். இப்போது நினைத்தால், அந்தப் பாட்டில் ஒரு பொய் கிடையாது, ஒருவரையும் அடிக்கச் சொல்லவில்லை, கடைசியில் அந்த வீட்டுக்காரரைப் பெருநாளைக்கு பிரியாணி தின்னக் கூப்பிடுகிறாய். கோபத்தோடு ஒருவனைச் சோறு தின்னக் கூப்பிட என் பிள்ளைக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு இன்றைக்கும் வியப்புதான்.

அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் அவன் வந்தான். போனில் மட்டும் பேசுகிற, முகம் தெரியாத ஆள். உன் கோபம் நியாயம் தம்பி என்று தொடங்கினானாம். பெற்றவள் நான் வம்பு என்றேன், அவன் நியாயம் என்றான். அப்புறம் யார் பக்கம் சாய்வாய்? உன் கோபத்தைப் பிடித்துக்கொண்டு பிரியாணியை மட்டும் தள்ளி வைத்தான் அவன். பிறகு மெள்ள மெள்ள, இசை ஹராம், மைக்கும் ஸ்பீக்கரும் ஷைத்தானின் கருவி, ஆனால் உன் குரல் அல்லாஹ் கொடுத்த அமானிதம், அதற்கு ஒரு வேலை இருக்கிறது என்றானாம். வெளிநாட்டில் எங்கேயோ ராப் பாடிக்கொண்டிருந்தவன் ஒருத்தன், பாட்டை உதறிவிட்டுத் துப்பாக்கி தூக்கிப் போனானாம். அவன் போன இடத்திலிருந்து வாத்தியமில்லாமல் பாடியதை இந்த ஆள் உனக்கு அனுப்பினான். நீ உன் மைக்கை விற்றாய், ஸ்பீக்கரை விற்றாய், முடியை வெட்டினாய்.

நான் என்ன செய்தேன் தெரியுமல்லவா? சந்தோஷப்பட்டேன்! பிள்ளைக்கு ஹிதாயத், நேர்வழி கிடைத்துவிட்டது என்று பெரிய தேக்சாவில் நெய்ச்சோறு ஆக்கி, பள்ளிவாசலில் பாத்திஹா ஓதி, தெரு முழுக்க நார்சா கொடுத்தேன். மகனைக் கண்ணெதிரே பறிகொடுத்துக்கொண்டே ஊருக்கு நெய்ச்சோறு போட்ட ஒரே தாய் நானாகத்தான் இருப்பேன். நீ அந்தச் சோற்றைத் தொடவில்லை. பாத்திஹா ஓதிய சோறு கூடாது என்றாய். அதையும் நான் தப்பாக எடுக்கவில்லை. கம்பத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற உன் மாமாவும் நார்சா தின்னமாட்டான், தர்காவுக்குப் போகமாட்டான், பாட்டு என்றால் காதைப் பொத்துவான். அவன் இத்தனை வருஷத்தில் ஓர் எறும்புக்குக் கெடுதல் நினைத்தவன் இல்லை. அதனால் நீயும் மாமா மாதிரி ஆகிறாய் என்று பெருமையாக இருந்தேன். எனக்கு நெருடியது வேறு இடத்தில். செல்லத்தாய் வழியில் பார்த்து "என்ன மருமகனே" என்றால் நீ தலையைக் குனிந்துகொண்டு போனாய். அவள் கொடுத்துவிட்ட புளிச்சோறு அடுப்படியிலேயே ஊசிப்போனது. மாமா காதைப் பொத்துவானே தவிர, யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காமல் போனதில்லை.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை. மத்தியானத் தொழுகை முடிந்து வந்து நீ அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு தணிந்த குரலில் பாடிப் பார்த்துக்கொண்டிருந்தாய். தாளமும் வாத்தியமும் இல்லை, வெறும் குரல். செந்தமிழில் கம்பீரமாக ஏறி ஏறிப் போனது. அங்கங்கே அல்லாஹ்வின் பேர் வந்தது. நான் கதவருகே நின்று அழுதேன். என் பிள்ளை அல்லாஹ்வைப் புகழ்கிற பைத்து எழுதுகிறான் என்று நினைத்தேன். நம் வீடுகளில் நல்லது பொல்லாதது எதற்கும் பைத்து ஓதிக் கேட்டு வளர்ந்தவளுக்கு வேறு என்ன தோன்றும்? மறுநாள் கிட்டங்கிக்கு என் மாத்திரையைக் கொண்டுவந்து கொடுக்கச் சொல்லி உன்னை வரவழைத்தேன். மாத்திரை என் முந்தானையில்தான் முடிந்திருந்தது. நீ வந்ததும் அத்தனை பேர் முன்னாலும், "எம்புள்ள பைத்து எழுதியிருக்கான். பாடுப்பா, எல்லாரும் கேக்கட்டும்" என்றேன்.

உன் முகம் வெளுத்ததை நான் வெட்கம் என்று நினைத்தேன். பாயில் வரிசையாகப் பெண்கள், நம்மவர்கள், சிலமலைக்காரர்கள், மேலே எஸ்டேட்டிலிருந்து இறங்கி வந்த மலையாளத்துப் பிள்ளை ஒருத்தி. "பாடு மருமகனே, வெக்கத்தப் பாரு" என்றாள் செல்லத்தாய். நீ கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினாய். முதல் அடிகளில் மழை, மலை, படைத்தவன் புகழ். குரல் கேட்டு எல்லோரும் கையை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் இன்னும் நினைத்து நினைத்து மலைக்கிறேன். செல்லத்தாய் சும்மா இருக்கமாட்டாதவள், மடியில் இருந்த சொளகை விரலால் தட்ட ஆரம்பித்தாள். தட்டு, தட்டு, ஒரு புடைப்பு. பக்கத்திலிருந்தவளும் சேர்ந்தாள். வரிசை முழுக்கச் சொளகு பேசியது. உன் பாட்டு அதில் அப்படியே போய் உட்கார்ந்துகொண்டது. நீ கண்ணைத் திறந்தாய். முதலில் யாரைப் பார்த்தாய் என்று எனக்குத் தெரியும். செல்லத்தாய் வாயெல்லாம் பல்லாக உன்னையே பார்த்துத் தட்டிக்கொண்டிருந்தாள். நீ வாயைத் திறந்தாய். அடுத்த அடி வரவில்லை.

மற்றவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். செல்லத்தாய் நிறுத்தவில்லை. பிள்ளைக்கு அடி மறந்துவிட்டது, தாளம் இருந்தால் ஞாபகம் வந்துவிடும் என்று விடாமல் தட்டினாள். "ம்ம், அடுத்த அடி என்ன மருமகனே?" என்றாள். நீ திரும்பி வெளியே ஓடினாய். நான் உன் பின்னாலேயே வந்தேன். வடிகால் ஓரத்தில் உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாய். வீட்டுக்கு வந்து என் மடியில் தலையை வைத்து எல்லாவற்றையும் சொன்னாய். அந்த அடி என்ன என்று நான்தான் வற்புறுத்திக் கேட்டேன். 'ஒரே தட்டில் உண்டாலும் அவன் உன் பகைவன்.' அதற்கு அடுத்த அடியில் அந்தப் பகைவனை என்ன செய்யச் சொன்னாய் என்பதை இந்தத் தாளில் எழுத எனக்குக் கை வரவில்லை. தமிழ்ப் பிள்ளைகளைத் தங்கள் பக்கம் கூப்பிட ஒரு பாட்டு வேண்டும் என்று அவன் கேட்டானாம், ஞாயிற்றுக்கிழமை அனுப்புவதாக நீ சொல்லியிருந்தாயாம். "தூக்குவாளி மூடி ஞாபகம் வந்துருச்சும்மா" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாய்.

பயத்தில் நான், பாட்டை அழித்துவிடு, போனை உடைத்துவிடு, யாரிடமும் மூச்சு விடாதே என்று சொன்னேன். நல்ல தாய் அப்படித்தான் சொல்லுவாள் என்று நினைத்தேன். நீதான், "அவன்கூட இன்னும் நம்ம பயலுக இருக்காங்கம்மா. நான் மட்டும் வந்துட்டா?" என்றாய். வெளியே சொன்னால் உன் பேர் எந்தக் காகிதத்தில் ஏறும், எத்தனை வருஷம் அழியாமல் நிற்கும் என்று தெரிந்துதான் கேட்டாய். கம்பத்துக்குப் போன் போட்டேன். உன் மாமா கடையை அப்படியே போட்டுவிட்டு வந்தான். உன்னை அடிப்பானோ என்று நான் நடுவில் நின்றேன். அவன் உன் தலையில் கையை வைத்து ஓதினான், பிறகு, "எந்திரி மாப்ளே, நானும் வர்றேன்" என்றான். போலீஸ் ஸ்டேஷனில் அவர்கள் கேட்டதற்கெல்லாம் நீ பதில் சொல்லி முடிக்கும்வரை உன் தோளை விடவில்லை. பிறகு கூப்பிட்ட போதெல்லாம் கூடவே வந்தான். உன்னைப் போக விட்ட அன்றைக்கு வெளியே வந்து டீ குடிக்கும்போது என்னிடம், "பாட்டு எனக்குப் புடிக்காதுக்கா. அது மாறாது. ஆனா இவன் பாடட்டும். இவன் வாயை மூடுனா வேற எவனாச்சும் அதுக்குள்ள பேசுவான்" என்றான். என் தம்பி வாயிலிருந்தா இது என்று நான் டீயை மேலே கொட்டிக்கொண்டேன்.

ஆனாலும் நீ ரொம்ப நாள் பாடவில்லை. அப்புறம் ஒரு நாள் போனைத் தூக்கிக்கொண்டு கிட்டங்கிக்கு வந்து, "அத்தை, அந்தச் சொளக ஒருக்காத் தட்டுங்க" என்றாய். அவள் சேலையைச் சரி செய்துகொண்டு, போட்டோ எடுப்பது போல நிமிர்ந்து உட்கார்ந்து தட்டினாள். போனில் பதிந்த அந்தத் தட்டுச் சத்தத்தின் மேல்தான் நீ புதுப் பாட்டைக் கட்டினாய். அதை முதல்முதலாக எனக்குப் போட்டுக் காட்டியபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வாழ்நாளெல்லாம் நான் கேட்ட சத்தம். காம்பும் தூசும் பறக்கிற சத்தம். அதற்குள் இவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியவே தெரியாது. அன்றைக்கு நீ சொன்னது மனசில் அப்படியே இருக்கிறது. "ராப்புல ஊர் பேரு இருக்கும், தெரு பேரு இருக்கும், அம்மா பேரு கூட இருக்கும். அவன் அனுப்புன பாட்டுல ஒரு ஊரும் இல்லம்மா. அத எங்க வச்சும் பாடலாம், யாரப் பத்தியும் பாடலாம். எங்கிட்ட அவன் விட்டு வச்சது மூச்சு விடாத அந்த ஓட்டத்தை மட்டுந்தான். தாளத்தைப் பிடுங்குனான், ஊரைப் பிடுங்குனான், எம்பேரையும் பிடுங்கிட்டு வேற பேரு வச்சான்." அனீசு, உன்னைப் பெற்றது நான்தானா என்று அன்றைக்கு உன் முகத்தை உற்று உற்றுப் பார்த்தேன். அல்லாஹ் ஒரு பிள்ளையின் காதுக்குள் இப்படி ஒரு தராசை வைத்து அனுப்பினானே, அவனை எப்படிப் புகழ்ந்து முடிப்பது?

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். நீ கோபிப்பாய், கோபித்துக்கொள். செல்லத்தாயிடம் நானே சொல்லிவிட்டேன். கூட்டத்தில் மைக் வழியாக அவள் அதைக் கேட்கக்கூடாது என்று தோன்றியது. திங்கள்கிழமை, மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தபோது, அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். நீ நிறுத்திய அடியையும் சொன்னேன். அவள் மடியிலிருந்த காயை மூட்டையில் கொட்டினாள், சொளகைச் சுவரில் சாத்தினாள், வேலை நேரம் முடியாமலே எழுந்து பஸ்சுக்குப் போய்விட்டாள். செவ்வாய்க்கிழமை வரவில்லை. அவள் பாய் காலியாகக் கிடந்ததைப் பார்த்துக்கொண்டு நான் பொறுக்கியதெல்லாம் தப்பும் தவறுமாகப் போய் மேஸ்திரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். இருபது வருஷத்து உறவை என் வாயாலேயே கெடுத்துவிட்டேன் என்று அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

புதன்கிழமை வந்தாள். கண் வீங்கியிருந்தது. உட்கார்ந்து, சொளகை எடுத்து, அதில் காயை அள்ளிப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"மதினி, அந்தப் பாட்டுல எம்பேரு இருந்துச்சா?"

"இல்ல மதினி. யார் பேருமே இல்ல."

"அதான பாத்தேன். பேரைச் சொல்லி எழுதணும்னா அவனுக்கு நாக்கு வந்திருக்காது." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு ஆத்தாமை இல்லாம இல்ல. நெஞ்சு எரியத்தான் செய்யுது. இடுப்புல வச்சுத் தூக்குனவ நானு. அவன வரச் சொல்லுங்க. மேடையில சொல்லட்டும், நான் முன்னாடிதான் உக்காருவேன், எந்திரிச்சுப் போகமாட்டேன். ஆனா என்னைப் பாத்துச் சொல்லணும். அப்புறம் சிலமலை செல்லத்தாயின்னு பேரப் போட்டு ஒரு அடி எழுதிக் கொண்டாரச் சொல்லுங்க. அடுத்த அடி என்னன்னு நான் அன்னைக்கே கேட்டேன்ல. இன்னும் சொல்லல அவன்."

மைதானத்துக்குச் சொளகைக் கொண்டு வரலாமா என்றும் கேட்டாள். கொண்டாங்க மதினி என்று சொல்லிவிட்டேன்.